அம்மை யாருக்குப் போட்டது?

டாக்டர் என் இடது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். இது என்ன தழும்பு என்று கேட்டார்.

"சின்னப் புள்ளையில நண்டு கிள்ளினதுங்க."

"நண்டு காதுக்குப் பின்னாடி போயா கிள்ளும்?"

வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். கடற்கரையில் வளரும் பிள்ளையை நண்டு எங்கே வேண்டுமானாலும் கிள்ளும் என்று நானும் யோசிக்காமலே இருந்துவிட்டேன். டாக்டரின் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சுருங்கின. பக்கத்து நாற்காலியில் என் அக்கா சந்தியா, தன் நெற்றித் தழும்பைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள்.

அந்த நெற்றித் தழும்புக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதையைச் சொன்னால்தான் அன்றைக்கு நடந்தது விளங்கும்.

சில நிமிஷ அக்கா

என் பேர் வித்யா. நானும் சந்தியாவும் இரட்டைப் பிள்ளைகள். அவள் சில நிமிஷம் முன்னால் பிறந்தாள், அவ்வளவுதான். மற்ற வீடுகளில் இரட்டையர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். காரணம், குழந்தையாக இருந்தபோது அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அதன் அடையாளம்தான் அந்த நெற்றித் தழும்பு. எங்கள் ஊரான கிளிஞ்சல்மேட்டில் அதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. மாரியம்மன் வந்து இருந்துவிட்டுப் போனாள் என்பார்கள். ஆத்தா வந்த பிள்ளையை வாடி போடி என்று பேசலாமா?

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றினால் முதல் சொம்பு அவளுக்கு. சண்டையில் அடி எனக்கு. ஊரில் எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தாலும், அந்த வீட்டுக்கு இளநீர் கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு வருவது சந்தியாவின் வேலை. ஒருமுறை வந்தவளுக்கு இனி வராது, அவள் போகலாம் என்பார்கள்.

எனக்கு அம்மை வரவில்லை, வந்துவிடும் என்று பயம். வேப்பிலையைக் கண்டதுமே அம்மா என் துணிகளை ஒரு கட்டைப் பையில் திணித்து என்னைக் கடலிலிருந்து தள்ளி இருக்கிற குரும்பகரம் கிராமத்துக்கு பஸ் ஏற்றிவிடுவாள்.

எனக்கு அது தண்டனையே இல்லை. ஊரில் யாருக்காவது அம்மை போடாதா என்று ரகசியமாக ஆசைப்பட்ட ஒரே பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு

சுனாமி வந்தபோது எங்களுக்கு ஒரு வயசு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றி எனக்கு நினைவு எதுவும் இல்லை. எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பேச்சை இன்றும் எடுக்க முடியாது. எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம், அதனால் நான் சொல்லலாம்.

அம்மா மீன் வியாபாரம். அன்று காலையில் படகு வரும் இடத்தில் நின்றிருந்தாள். தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு படகுக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளியது. தொடை எலும்பு முறிந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடந்தாள். அப்பா இரண்டு பிள்ளைகளையும் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த முகாமில் இருந்தார். எங்கள் இருவருக்கும் அப்போதுதான் குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்திருந்தார்கள்.

குரும்பகரத்தில் செண்பகம் என்றொரு அம்மா. விவசாயக் குடும்பம். எங்கள் அம்மாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர். தினமும் வருகிற மீன்காரி என்ன ஆனாளோ என்று, சோற்று மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய தன் வீட்டு டிராக்டரிலேயே ஏறி, முகாம் முகாமாகத் தேடி வந்திருக்கிறார். அம்மா கிடைக்கவில்லை. இரண்டு மொட்டைப் பிள்ளைகளோடு அப்பா கிடைத்தார். ஒரு ஆம்பளை தனியாக இரண்டையும் எப்படிப் பார்ப்பாய், ஒன்றை என்னிடம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போனது சின்னவள். அதாவது நான். முகாமில் தங்கியது பெரியவள். சில நாளில் முகாமில் அம்மை பரவ, பெரியவளுக்கும் போட்டது. எங்கள் அத்தைதான் வேப்பிலையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்.

தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்ததும் குரும்பகரத்திலிருந்து பிள்ளை திரும்பி வந்தது. அதற்கும் சில வாரம் கழித்துத்தான் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். பார்த்த உடனே இது பெரியவள், இது சின்னவள் என்று அடையாளம் சொல்லிவிட்டாள். எது எங்கே இருந்தது என்பதை மட்டும் அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

இது எங்கள் குடும்ப வரலாறு. உறவுக்காரர்கள் கூடினால் ஒரு வரி மாறாமல் சொல்லப்படும்.

குரும்பகரத்துப் பிள்ளை

அன்றிலிருந்து நான் செண்பகத்தம்மாவின் பிள்ளை ஆகிவிட்டேன். பொங்கலுக்கு எனக்குப் பாவாடை வரும். அறுவடை முடிந்ததும் என் பேர் சொல்லி ஒரு மூட்டை அரிசி வரும். அவருக்கு ஒரே மகன், வேலைக்கு வெளியூர் போய்விட்டான். பள்ளி லீவு விட்டால் நான் அங்கேதான்.

அங்கே போனால் எனக்குக் கிடைத்த பெரிய சொத்து கதைகள். நான் குழந்தையாக அங்கே இருந்தபோது செய்ததாகச் சொல்லப்பட்டவை. டிராக்டர் ஓடினால் சிரிப்பேனாம், நிறுத்தினால் அழுவேனாம். அதனால் அவர் கணவர் வேலை இல்லாதபோதும் வாசலில் வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பாராம். கன்றுக்குட்டியின் காதைக் கடித்துவிட்டேனாம்.

எனக்குப் பிடித்தது நெல்லுக் கதை. தை மாதம் சம்பா அறுவடை. களத்தில் நெல்லைக் குவித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் காணோம். வாய்க்கால், கிணறு என்று ஆள் ஆளுக்கு ஓடியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் நெல் குவியலின் சரிவில் இடுப்புவரை புதைந்து, உடம்பெல்லாம் சுணை பட்டுச் சிவந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேனாம். செண்பகத்தம்மா இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் என் கன்னத்தைக் கிள்ளுவார்.

நினைவில் இல்லாததை நினைவாகவே ஆக்கிக்கொண்டிருந்தேன். நெல் மணக்கும் இடத்துக்குப் போனால் எனக்குத் தூக்கம் வரும். அது அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

ரத்தம் சொன்னது

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இருவருக்கும் ஒரே நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். சேருவதற்கு முன் உடல் பரிசோதனை. எடை, உயரம், கண், பல், நெஞ்சுப் படம். காசநோய் இருக்கிறதா என்று முன்கையில் ஒரு சின்ன ஊசி போட்டு வட்டம் வரைந்துவிட்டார்கள். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எல்லோருக்கும் உண்டு.

சின்னம்மைக்கு மட்டும் வேறு ஏற்பாடு. வார்டில் நோயாளிகளிடம் போகிறவர்கள் என்பதால், ஏற்கனவே அம்மை வந்து உடம்பில் எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். இல்லாதவர்கள் இடைவெளி விட்டு இரண்டு தடவை தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் வார்டுக்குள் விடமாட்டார்கள்.

சந்தியா நிம்மதியாக இருந்தாள். ஊசி என்றால் அவளுக்கு உயிர் போகும். நர்சாகப் போகிறவளுக்கு இது அழகா என்று அப்பா கேட்டால், போடுறது வேற, போட்டுக்கறது வேற என்பாள். எனக்கு ஊசி இருக்கிறது, தனக்கு இல்லை என்பதில் அவளுக்குத் தனி சந்தோஷம்.

முடிவு வந்தபோது டாக்டர் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். வித்யாவுக்கு எதிர்ப்பு இருக்கிறது, ஊசி வேண்டாம். சந்தியாவுக்கு இல்லை, போட வேண்டும் என்றார்.

மாறிவிட்டது சார் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம். எங்களுக்கு இது பழக்கம். ஹால் டிக்கெட்டிலிருந்து ஆதார் வரைக்கும் எங்கள் போட்டோக்கள் மாறாத இடம் இல்லை. டாக்டருக்கும் சந்தேகம் வந்து, திரும்பவும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த முறை முதலில் சந்தியாவை மட்டும் உள்ளே விட்டார்கள். அவளுடையது பெட்டிக்குள் போன பிறகுதான் நான் உள்ளே போனேன்.

முடிவு மாறவில்லை.

அப்போதுதான் டாக்டர் தழும்புகளைப் பார்க்க ஆரம்பித்தார். சந்தியாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எதிலோ இடித்துக் கிழிந்த தழும்பு, கோடாக இருக்கிறது என்றார். பிறகு என் காதை மடக்கினார். குழிவாக, வட்டமாக, உளுந்து அளவுக்கு இருந்தது. தலைமுடிக்குள்ளே இன்னொன்றையும் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்மை உனக்குத்தாம்மா வந்திருக்கு. உங்க அக்காவுக்கு வரவே இல்ல."

சந்தியா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஊசிப் பயம்தான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்பாவின் வாக்குமூலம்

வீட்டுக்கு வந்து சொன்னோம். அம்மா நம்பவில்லை. என் காதை மடக்கிப் பார்த்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா அப்போது வலையில் ஒரு கிழிசலை ரொம்பவும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடியாத இருட்டில், கடலுக்குள் தூரத்தில் வருகிற ஃபைபர் படகைப் பார்த்து அது யாருடையது என்று சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் இருவரையும் அவருக்கு இன்றுவரை அடையாளம் தெரியாது. பாதுகாப்பாக இருவரையும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க யாரைத் தூக்கிக் கொடுத்தீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டும் மொட்டை. ரெண்டும் அழுவுது. எது கைக்கு வந்துச்சோ அதைக் கொடுத்தேன்."

"அப்புறம் எங்கிட்ட சின்னவளைக் கொடுத்தேன்னு சொன்னீங்க?"

"நீ ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுக் கேட்ட. தெரியலன்னா எந்திரிச்சு ஓடி வந்திருப்ப. ஏதோ ஒண்ணு சொல்லணும்ல."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சுவரில் சாய்ந்து சிரித்தாள். அப்பா முதலில் அசடு வழிந்தார், அப்புறம் அவரும் சேர்ந்துகொண்டார். அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டதில், எனக்கு என்ன தெரியும், உன் வீட்டுக்காரன் பெரியவள் என்றான், நானும் பெரியவள் என்றே கூப்பிட்டேன் என்று கத்தினார். நெற்றித் தழும்பும் வெளிவந்தது. கொட்டகையின் தகரக் கதவில் பிள்ளை முட்டிக்கொண்டது அத்தைக்கு நினைவிருந்தது. எந்தப் பிள்ளை என்றுதான் நினைவில்லை.

சந்தியா மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் துணி மடிக்கும்போது என்னிடம் கேட்டாள்.

"அப்ப எங்கிட்ட ஆத்தா வரவே இல்லையாடி?"

எத்தனை வேப்பிலை வீட்டு வாசலுக்குப் போயிருப்பாள். ஒன்றும் தொற்றவில்லை. அதைச் சொன்னேன். அவ உன்னைத் தொடாம பாத்துக்கிட்டா, எனக்கு வந்ததை விட அதுதான் பெருசு என்றேன். அவள் யோசித்தாள். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. இனிமேல் தன்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம் என்பாளோ என்று பார்த்தேன். அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

அந்த வாரமே அவளுக்கு முதல் ஊசி போட்டார்கள். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. பொய் சொல்றாங்க, இன்னும் போடல என்றாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தடுப்பூசி அறையில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. இப்போது நான் ஊசி போடுகிற பக்கம் நிற்கிறேன்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய கதைகள்

எனக்கு உள்ளுக்குள் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. செண்பகத்தம்மா வளர்த்தது என்னை இல்லை. அந்தப் பாவாடைகள், அந்த அரிசி, லீவுகள் எல்லாம் சந்தியாவுடையவை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கூடத் தோன்றியது. அம்மா விடவில்லை. நீங்களே போய்ச் சொல்லுங்க, ரெண்டு பேரும் போங்க என்றாள். வாளை மீன் கொஞ்சம் கட்டிக் கொடுத்தாள்.

சந்தியா அந்த வீட்டுக்கு எப்போதாவது விசேஷத்துக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். குறுவை நட்டிருந்த வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன.

செண்பகத்தம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ரத்தம், தழும்பு, அப்பா கைக்கு வந்ததைக் கொடுத்தது, எல்லாம்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். சந்தியாவைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் போய், முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் நான் பாக்க வந்தேன். சின்னவள ஓடிப் போய்த் தூக்குனேன். என் புடவையில ஒண்ணுக்கு அடிச்சிட்டு, வீல்னு கத்திக்கிட்டு அவ அம்மாகிட்ட ஓடிருச்சு. அதுக்குள்ள மறந்துட்டியேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு. இன்னொண்ணு வந்து எம் மடியில உக்காந்து தாலிக்கொடியப் புடிச்சு இழுத்துச்சு. இதென்ன புதுப் புள்ள இப்பிடி ஒட்டுதுன்னு நினைச்சேன்."

சந்தியாவின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.

"அப்ப நெல்லுல தூங்குனது நீயா?"

சந்தியா தலையை ஆட்டினாள். செண்பகத்தம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு டிராக்டர் கதை, கன்றுக்குட்டி கதை என்று ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுக்க ஆரம்பித்தார். நான் எத்தனையோ தடவை கேட்ட கதைகள். அக்கா முதல் தடவையாகக் கேட்டாள். கன்றின் காதைக் கடித்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண் எரிந்தது. மாட்டைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றேன்.

செண்பகத்தம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னாடி மூஞ்சிய அங்க வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்லம்மா. நான் இத்தனை வருஷம் சும்மா வந்து உக்காந்துக்கிட்டேன்."

அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அவ வந்தது வேற போக்கிடம் இல்லாம. அப்பனால பாக்க முடியல, நான் தூக்கிட்டு வந்தேன். நீ அப்பிடியா? பஸ் ஏறத் தெரிஞ்ச நாள்லேர்ந்து நீயாத்தானே வர்ற. யாரு உன்னத் தூக்கிட்டு வந்தா?"

வாளை மீனை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே போய் உலை வைத்தார். சந்தியாவைக் கூடத்தில் உட்காரச் சொல்லி மின்விசிறியைப் போட்டார். அவள் எழுந்து வேலைக்கு வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். என்னைத்தான் அதட்டினார். மீனைக் கழுவு, புளியைக் கரை, வெங்காயம் எங்கே இருக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று ஒவ்வொன்றாக. கொல்லையில் போய் வாழை இலை அறுத்துவரச் சொன்னதும் நான்தான் போனேன்.

ஒரு இலை போதும் என்றார்.

சந்தியாவுக்கு அந்த இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சோறு போட்டு, நடுத் துண்டாகப் பார்த்து மீன் வைத்தார். புது விருந்தாளிக்குச் செய்வதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்.

எனக்கு இலை போடவில்லை. அடுக்களையில் கவிழ்த்து வைத்திருந்த என் தட்டை நானே எடுத்து, சட்டியிலிருந்து நானே போட்டுக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.